மங்குக் கம்பி

செல்லையா கியர் பிடியை இரண்டு கைகளாலும் முன்னால் தள்ளினார். பிடி வந்தது. படகு வரவில்லை. அது பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

படகின் மூக்கு கோல சிலாங்கூர் ஆற்றைப் பார்த்திருந்தது. முதுகு கடலுக்கு. எதிரே வந்த அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டியது. செல்லையா சட்டென்று இஞ்சினை அணைத்தார்.

"அண்ணே, என்ன ஆச்சு?" என்றான் வாசு.

வாசுவுக்கு மொட்டைத் தலை. அண்ணன் ரெங்கசாமிக்கு மகன் இல்லாததால் கொள்ளி வைத்தது அவன்தான். ஐந்து நிமிடம் முன்புதான் ஆற்று வாயில் அண்ணனின் அஸ்தியைக் கரைத்தான். கரைத்து முடிந்ததும் படகின் மூக்கை ஆற்றுப் பக்கம் திருப்புவதற்காக செல்லையா ரிவர்ஸ் கியர் போட்டிருந்தார். கரைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னதும் அவர்தான். இப்போது படகே அவர்களைப் பின்னோக்கி இழுத்து வந்துவிட்டது. மிதக்கவிட்ட சாமந்தி மாலை பின்பலகையில் வந்து முட்டி முட்டி நின்றது.

செல்லையா அதைப் பார்க்காமல் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். சேற்றில் அது பிடிக்கவில்லை. வற்றுநீர் படகை விடாமல் இழுத்தது. அரை மைல் தள்ளி, மணல் மேட்டில் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. அதற்குள் போன சின்னப் படகு எதுவும் நிமிர்ந்து வந்ததில்லை.

"மூடியத் தொறங்க. நான் பாக்கறேன்." வாசு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர்.

"வேணாம் தம்பி. துடுப்புப் போடலாம்."

"எதுவரைக்கும் போடுவீங்க? சுமத்ரா வரைக்குமா?"

மணல் மேட்டை விட அந்த இஞ்சின் மூடிதான் செல்லையாவை அதிகம் பயமுறுத்தியது.

நான்கு நாளைக்கு முன் இதே படகில் ரெங்கசாமியும் அவரும் வழக்கம்போல் மீன் பிடித்துத் திரும்பினார்கள். ரெங்கசாமி சம்சுச் சாராயம் குடித்திருந்தார், படகுத்துறைக் கம்பத்தைப் பிடிக்கப் போனபோது தடுமாறி விழுந்து இறந்துவிட்டார் என்று செல்லையா போலீஸில் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் பிடியை நியூட்ரலுக்கு இழுத்த பிறகும் கியர் விடுபடவில்லை; படகு அதே வேகத்தில் போய்க் கம்பத்தில் மோதிய அதிர்வில்தான் ரெங்கசாமி விழுந்தார்.

கணவர் பங்குனி உத்திரக் காவடிக்கு விரதம் இருந்தவர், ஒரு சொட்டு தொட்டிருக்க மாட்டார் என்று ரெங்கசாமியின் மனைவி வள்ளியம்மா தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரிடமும் சொல்லி அழுதாள். யாரும் நம்பவில்லை. அவருடைய சொந்தப் படகிலேயே அஸ்தி போகட்டும் என்று இன்று காலையில் கேட்டதும் அவள்தான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் செல்லையா படகை அவிழ்த்தார். கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து வாசு ஒரே பேச்சாக இருந்தான். கரை ஏறுவதற்குள் அண்ணன் எப்படி விழுந்தார் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அண்ணிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு அலை. தண்ணீர் கெண்டைக்காலுக்கு ஏறியது. வாசு அவரை ஒதுக்கிவிட்டுக் கொக்கிகளைத் தட்டினான். மூடி கழன்றது.

செல்லையா பால்டின்னால் தண்ணீரை இறைத்தபடி அவன் முதுகையே பார்த்தார். கியர் பிடியையும் இஞ்சினுக்குள் இருக்கும் கியர் கையையும் இணைக்கும் இடத்தில் ஓர் இரும்புப் பின் இருக்க வேண்டும். அங்கே இருந்தது ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்கைக் கட்டும் கம்பி. விரிந்து, பாதி நழுவித் தொங்கியது.

வாசு கம்பியின் முறுக்கை விரலால் தடவிப் பார்த்தான். அவன் மொட்டைத் தலையில் வியர்வை மட்டும் இறங்கியது. பிறகு கம்பியை உருவிச் சட்டைப் பையில் போட்டான். குறட்டால் கியர் கையை நெம்பினான். அது இறுகியிருந்தது.

"காத்தாடிய கையால கொஞ்சம் திருப்புங்க. அப்பத்தான் விடும்." குரல் மாறியிருந்தது.

செல்லையா பின்பலகையில் மாட்டியிருந்த மோட்டாரைச் சாய்த்து, நீருக்கு மேலே வந்த காத்தாடியை எட்டக் கவிழ்ந்து, அதன் இதழைப் பிடித்தார். தலையைத் திருப்பியபோது, ஸ்டார்ட்டர் கயிறு வாசுவின் வலது கைக்குள் இருந்தது. பழைய இஞ்சின், கியரில் இருந்தாலும் கிளம்பிவிடும். ஒரே இழுப்பு போதும், விரல்கள் மாலையோடு மிதக்கும்.

பார்த்துவிட்டான். இழுக்கப் போகிறான்.

"என்ன பாக்கறீங்க? திருப்புங்க லா."

திருப்பினார். ஈரத்தில் இதழ் இரண்டு முறை வழுக்கியது. உள்ளே எங்கோ 'டக்' என்றது. காத்தாடி இலகுவாகச் சுழன்றது.

"கைய எடுங்க."

எடுத்தார். மோட்டாரை இறக்கினார். வாசு கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் இஞ்சின் பிடித்தது. திறந்து கிடந்த சக்கரம் அவன் மணிக்கட்டுக்கு ஒரு விரல் தள்ளிச் சீறிச் சுழன்றது. ஸ்குரூ டிரைவர் முனையால் கியர் கையை முன்னால் தள்ளி, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டான். படகு குலுங்கியது. மணல் மேட்டுக்கு முதுகைக் காட்டி, மெதுவாக ஆற்றுக்குள் ஏறியது.

படகுத்துறை தெரிந்தது. அதன் ஓரத்தில் வெள்ளைச் சேலையில் வள்ளியம்மா நின்றிருந்தாள்.

"அண்ணன் குடிக்கல. அப்படித்தானே?"

"குடிக்கல. கியர் விடல தம்பி."

"பிறகு ஏன் பொய் சொன்னீங்க?"

வாசு இடது கையால் பையிலிருந்து கம்பியை எடுத்து நீட்டினான். மூன்று முறுக்கு; கையைக் கிழிக்காதபடி முனை உள்ளே மடக்கியிருந்தது.

"இத மாத்தவே இல்லையா?"

செல்லையா கரையில் நின்றவளைப் பார்த்தார். பிறகு அவள் காதில் விழாத குரலில் சொன்னார்:

"வேற பின் வாங்கிடலாம்னு நாலு தடவ சொன்னேன். தீபாவளிக்கு வந்தப்ப இந்தக் கம்பியப் போட்டது நீதானே. ரவாங்லேருந்து நல்ல பின்னும் தம்பியே அனுப்புவான்னு உங்க அண்ணன் கடைசி வரைக்கும் இதத் தொட விடல."