அடுத்த நாட்டுப் பாவம்

அருளானந்தம் வாத்தியாருக்கு அன்று தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஓய்வு பெற்ற பிறகு அன்பியக் கூட்டத்தை அவர்தான் நடத்துகிறார். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர்கள் வாரம் ஒரு மாலை அவர் வீட்டில் கூடி, ஜெபம் சொல்லி, வேதம் வாசித்து, டீ குடித்துவிட்டுப் போவார்கள். டீயை மட்டும் யாரும் தவறவிடுவதில்லை.

இந்த வாரம் அவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. சனிக்கிழமை மாதா திருவிழா. சப்பரம் ஊரைச் சுற்றி வரும், தெற்குத் தெரு முனைக்கு வந்ததும் அப்படியே திரும்பிவிடும். அந்தத் தெருக்காரர்களும் மாதாவின் பிள்ளைகள்தான், திருவிழா வரியும் கொடுக்கிறார்கள், ஆனாலும் சாதி என்று ஒன்று இருக்கிறதே. அங்கிருந்து அன்பியத்துக்கு வருகிற ஒரே ஆள் பெல்சி. திருப்பத்தூரில் நர்ஸ். டீ குடித்த பேப்பர் கப்பைக்கூடக் கீழே போடாமல் பைக்குள் வைத்து எடுத்துப் போவாள். சுத்தம் என்றால் பெல்சியிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று வாத்தியார் எல்லார் முன்னாலும் மெச்சியிருக்கிறார்.

"எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடக்கு சார். சாகுறதுக்குள்ள நம்ம வாசல்ல ஒருக்கா மாதாவப் பாத்துட்டாப் போதும்ங்குது," என்று அவள் கேட்டபோது, செய்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்காகத்தான் இறைவாக்கினர் ஆமோசை எடுத்தார். ஆமோஸ் கெட்டிக்காரர். முதலில் சுற்றியுள்ள நாடுகளின் பாவத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடவுள் சும்மா விடமாட்டார் என்பார். கேட்கிறவன் தலையாட்டி முடிப்பதற்குள் தீர்ப்பைச் சொந்த நாட்டின் பக்கம் திருப்பிவிடுவார். அதே வழியில் போனால் கூட்டம் மடங்கும் என்று வாத்தியார் நினைத்தார்.

அடுத்த நாட்டுப் பாவம் என்றதும் எல்லாருக்கும் எங்கிருந்துதான் உற்சாகம் வந்ததோ. திருவிழாக் கமிட்டித் தலைவர் அருள் பிரகாஷ் செல்போனை எடுத்து, எங்கே குண்டு விழுந்தது, எங்கே வெள்ளம் வந்தது என்று வாசித்து, "எல்லாம் அவுக செஞ்ச பாவம் சார்," என்று தீர்ப்பும் சொன்னார்.

"சரி, நம்ம நாடு?"

"அதக் கேக்கவே வேணாம். மேல இருக்கறவுக பூராம் திருட்டுப் பயலுக."

"மேல இருக்கறவுகள விடுங்கய்யா. நாடுன்னா நாமதான. நம்ம ஊரு?"

அருள் பிரகாஷ் போனைச் சட்டைப் பையில் வைத்தார். "நம்ம ஊருக்கு என்ன சார். நல்லாத்தான இருக்கு."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். வாத்தியாருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"தெக்குத் தெருவுக்குள்ள போகாத மாதாவுக்குப் பாட்டு எதுக்கு, பட்டுச் சேலை எதுக்கு? நியாயம் இல்லாத திருவிழா எனக்கு வேணாம்னு கடவுளே சொல்லிட்டாரு, இந்தா எழுதியிருக்கு."

"அங்குட்டு கரண்டு வயரு தாழ்வா இருக்கு சார்."

"போன மாசந்தான் ஒசத்திக் கட்டுனாக."

"தெருவும் குறுகல்."

"குப்பை லாரி போகுதேய்யா."

அதற்குள் வாத்தியாரின் மனைவி அற்புதம்மாள் டீத் தட்டோடு வந்தார். ஆளுக்கொரு டம்ளரை எடுத்தார்கள். வாசலோரம் உட்கார்ந்திருந்த பெல்சி, தட்டில் மிஞ்சிய பேப்பர் கப்பை எடுத்துக்கொண்டாள்.

அருள் பிரகாஷ் அதைப் பார்த்தார். "ஊரச் சொன்னீக, சரி. உங்க வீட்டுல டம்ளரு ஒண்ணு கொறையுதா சார்?"

வாத்தியாருக்கு முதலில் விளங்கவில்லை. தன் கையைப் பார்த்தார், மற்றவர் கைகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லலையே," என்றார் அற்புதம்மாள்.

வாத்தியாரின் கோபம் போக்கிடம் இல்லாமல் பெல்சி மேலேயே பாய்ந்தது. "நீயாச்சும் எங்கிட்டச் சொல்லக் கூடாதாம்மா?"

பெல்சி டீயைக் குடித்து முடித்து, கப்பைக் கசக்கிப் பைக்குள் போட்டாள். "நீங்க பாத்துக்கிட்டுத்தான சார் இருந்தீக. சுத்தம்னு மெச்சுனீக. நான் வச்சுட்டுப் போனா எடுத்துப் போட இங்க யாரும் தொட மாட்டாக, அதான் கொண்டுபோறேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அருள் பிரகாஷ் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப சனிக்கெழம சப்பரம் பழைய வழியாவே போயிரட்டும் சார்," என்றார்.

வாத்தியார் விரித்து வைத்திருந்த ஆமோசை மூடி வைத்தார்.