முதல் ஒப்புதல்

என் கொழுந்தனை இந்த ஆபீசில் சேர்த்துவிட்டவள் நான். அதற்குக் கைம்மாறாக அவன் என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

விடுப்பு, வருகை, பதவி உயர்வு என்று தனித்தனி மாட்யூல்களாக ஜாவாவில் நான் கட்டிய அப்ளிகேஷன் அது. எல்லாவற்றுக்கும் பொதுவான வேலைகளைச் செய்து கொடுக்க ஒரு சர்வீஸ். எந்த மாட்யூலும் அதைத் தானாக உருவாக்கிக்கொள்ளாது. அப்ளிகேஷனைத் தாங்கி நிற்கும் ஃப்ரேம்வொர்க்கே ஒன்றே ஒன்றை உருவாக்கி, கேட்கிற மாட்யூலுக்கெல்லாம் அதையே கையில் கொடுக்கும். மாடியில் இருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி மாதிரி. அதில் யாருடைய சொந்த விஷயத்தையும் போட்டு வைக்கக் கூடாது.

நான் பிரசவ விடுப்பில் இருந்தபோது, "எல்லாம் என் டிசைன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டான். திரும்பி வந்த எனக்கு மூலையில் ஒரு மேஜையும் புகார் ஃபோனும் கிடைத்தன. அன்றிலிருந்து என் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒருநாள் அவன் மாற்றிய கோடிங்கைப் பார்த்தேன். பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்திருப்பவர் யார் என்பதை அந்தப் பொது சர்வீஸுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தான். இரண்டாவது ஆள் நுழைந்தால் முதல் ஆளும் அவராகிவிடுவார். இவன் எப்போதும் ஒண்டியாகவே சோதித்துப் பார்ப்பவன், அதனால் மாட்டவில்லை.

"இதுல ஆளை வைக்காதப்பா, எல்லாருக்கும் இதே ஒண்ணுதான் போகுது," என்றேன்.

"அண்ணி, நீங்க ஃபோனை மட்டும் பாருங்க," என்றான். பக்கத்து மேஜைகள் சிரித்தன.

பட்டுத் திருந்தட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

டெமோ நாள். புது அப்ளிகேஷனில் முதலாளி கொடுக்கும் முதல் ஒப்புதலே தன் பதவி உயர்வாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தான். புதுச்சட்டை வேறு! நான் கடைசி வரிசையில் லேப்டாப்பைத் திறந்து, என் பாஸ்வேர்டில் நுழைந்து காத்திருந்தேன். பெரிய திரையில் முதலாளி தன் பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்தார். கைதட்டினார்கள். நான் ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்தேன்.

என் திரையில் முதலாளியின் பெயர். அதன் கீழே கொழுந்தனின் பதவி உயர்வு. ஒப்புதல், நிராகரிப்பு என்று இரண்டு பட்டன்கள்.

கை துறுதுறுத்தது. ஆனால் திருட்டுத்தனமாக அமுக்கினால் அவன் முகத்தைப் பார்க்கிற சுகம் கிடைக்காதே! லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"சார், நான் என் பாஸ்வேர்டுலதான் வந்தேன். ஆனா இங்க நான்தான் நீங்க. இவரோட பதவி உயர்வை நானே முடிச்சு வெச்சிடட்டுமா?"

முதலாளி என் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஆபீஸ்ல யார் வேணாலும் நானாகலாமா?"

"சின்ன பக் சார்..."

"இதை யாரும் உன்கிட்ட சொல்லலையா?"

அன்று சிரித்தவர்கள் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். கொழுந்தன் என்னைப் பார்த்தான்.

"நான் ஃபோனை மட்டும்தான் பாக்குறேன் சார்," என்றேன்.

முதலாளி என் லேப்டாப்பிலேயே நிராகரிப்பை அமுக்கினார்.

வழக்கம்போல ஒரே காரில்தான் வீடு திரும்பினோம். பாதி வழியில் முனகினான், "முன்னாடியே இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"ஒரு தடவை சொன்னேனேப்பா."

அவ்வளவு நிம்மதியாக நான் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.