படுவான்கரையில் கடல் இல்லை

கொழும்பிலிருந்து வந்த பதிலை மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் பொல்லாத கோபம் வந்தது. ‘தாங்கள் படுவான்கரையில் கண்டதாகக் கூறும் நன்னீர்ப் பூண்டுச்செடி கடற்கரையில் வளராதது. அடையாளம் பிழை. பதிவு நிராகரிக்கப்படுகிறது.’ ஒப்பம்: வினாயகமூர்த்தி, தாவரப் பரம்பல் வரைபடக் குழுத் தலைவர்.

பிழையாம்! உன்னிச்சைக் குளத்துப் பக்கம் இரண்டு மாரி சேற்றில் உழக்கி நான் கண்டெடுத்த பூண்டு அது. பதிவு போனால் என் முதுமாணிப் பட்ட ஆய்வும் அதோடு போகும். வந்தாறுமூலைக் கம்பஸில் தனுஷா என்றால் பூண்டு தெரியாத தாவரவியல்காரி என்றுதான் பெயர் நிற்கும்.

அவர்களுடைய வரைபடத்தை விரித்தேன். அட கோதாரி! எங்கள் ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாவிக்கு மேற்கே உள்ள வயலும் குளமும் காடும் மொத்தமாகக் ‘கடற்கரை வலயம்’ என்று கிடந்தது. பெயரில் ‘கரை’ இருக்கிறதாம், அதனால் கடற்கரையாம். பொழுது படும் பக்கத்து வாவிக்கரை படுவான்கரை, எழும் பக்கம் எழுவான்கரை. கடல் கிடப்பது எழுவான்கரைப் பக்கம். இது எங்கள் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது சேர், வந்து பாருங்கள்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் குழுத் தலைவருக்கே இப்படி எழுதிவிட்டேன் என்று உறைத்தது.

மனிதர் வந்தே விட்டார். வலையிறவுப் பாலம் தாண்டி ஜீப்பில் போனோம். வயல், வயல், பிறகும் வயல். குளக்கட்டுக்குக் கீழே வயல்வட்டையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த, இரண்டு மாரியாய் எனக்குப் பழக்கமான கண்ணகையிடம் அவர் கேட்டார்: “அம்மா, கடல் எந்தப் பக்கம்?”

கண்ணகை நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். “கடலா? வந்த வழியால திரும்பிப் போங்க ஐயா. வாவியக் கடந்து எழுவான்கரைக்குப் போனாத்தான் கடல். இஞ்ச கடலத் தேடினா ஆனைதான் வரும்.”

வட்டையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மரியாதை பார்க்காமல் நானும் சிரித்தேன்.

சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். வரம்போரம் என் பூண்டு பூத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தார். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பில்லை.

“பிழை உங்கட பூண்டில இல்ல, தனுஷா. என்ட வரைபடக் கோட்டில” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிய வரைபடம் கடந்த கிழமை வந்தது. எல்லைக்கோடு வாவியின் நடுவால் ஓடுகிறது. மேற்கே ‘படுவான்கரை வலயம்’, அதன் முதலாம் பதிவு என் பூண்டு. அச்சுத்தாளைத் தூக்கிக்கொண்டு நேரே வட்டைக்கு ஓடினேன். விரலால் கோட்டைத் தொட்டுக் கண்ணகைக்குக் காட்டினேன்.

“அப்ப இவ்வளவு காலமும் எங்களக் கடலுக்குள்ளயா போட்டு வெச்சிருந்தாங்க?” என்றவள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “கரையேத்திப் போட்டியே, புள்ள!”