புதன்கிழமை ரெண்டு மணிச் சாப்பாடு

புதன்கிழமை வந்தாலே எனக்கு வயிறு எரியும். மூணு மணிக்கு அவ வருவா. எவளா? பொட்டலத்தைப் பெத்தவதான்.

பொட்டலம்னு பேர் வெச்சது என் வீட்டுக்காரர். கம்பளியில சுத்தி, மூக்கு மட்டும் தெரியுற மாதிரி கொண்டாந்து கையில குடுத்தாங்க. ரெண்டு வயசுப் பொண்ணு. எங்களுக்குக் குழந்தை இல்ல. கஷ்டத்துல இருக்குற குடும்பத்துப் பிள்ளைங்களக் கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுப் பார்த்துக்குறோம்னு குழந்தைகள் நல ஆபீஸ்ல பேர் குடுத்திருந்தோம். கொஞ்ச நாள்தான். அதைப் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன், இல்லேங்கல.

பெத்தவ ஒண்ணும் கொடுமைக்காரி இல்ல. அதுதான் என் ஆத்திரமே. புருஷன் விட்டுட்டுப் போய், தூக்கம் கெட்டு, மனசு கெட்டு, "பிள்ளைய எங்க அடிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு, நான் தேறுற வரைக்கும் பார்த்துக்குங்க"ன்னு அவளே ஆபீஸ் படியேறிக் கேட்டிருக்கா. ஒரு அடி அடிச்சதில்ல. அடிச்சிருந்தா நானும் நிம்மதியா அவளைக் கரிச்சுக் கொட்டியிருப்பேன்.

வாராவாரம் அம்மாவும் பிள்ளையும் சந்திக்கிறதுக்கு ஆபீஸ்ல ஒரு ரூம். நீலப் பாய், சக்கரம் போன ஒரு பொம்மை லாரி, சுவரோரமா நாற்காலியில நோட்டும் கையுமா ஆபீஸ் மேடம். நான் அவங்களுக்கு வெச்ச பேரு நோட்டுக்காரம்மா. பிள்ளை மடிக்குப் போச்சா, சிரிச்சுதா, அம்மா கையால சாப்பிட்டுதா, எல்லாம் எழுதுவாங்க. அந்தக் குறிப்பை வெச்சுத்தான் பிள்ளைய எப்போ திருப்பி அனுப்பலாம்னு முடிவு பண்ணுவாங்க.

முதல் புதன்கிழமை அவ ஒரு டப்பாவுல உருளைக்கிழங்கை மசிச்சுக் கொண்டாந்தா. கதவுக் கண்ணாடி வழியா பார்த்துட்டே நின்னேன். பொட்டலம் ஆ ஆன்னு வாயைத் திறந்து டப்பாவையே வழிச்சுத் தின்னுடுச்சு. என் வீட்டுல அரை ஸ்பூன் ஊட்ட நான் கட்டிலுக்கடியில தவழணும்! வெளிய வந்தவ, "நல்லா சாப்பிட்டா அக்கா"ன்னு என்கிட்டயே சொல்றா. அக்காவாம் அக்கா.

வீட்டுக்காரர்கிட்ட புலம்பினேன். "ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்"னார். "அந்தத் தன் பிள்ளைக்கு நான் எங்க போக?"ன்னேன்.

அடுத்த புதன்கிழமை ரெண்டு மணிக்கு, அவர் வேலையில இருக்குற நேரமாப் பார்த்து, பொட்டலத்துக்கு ஒரு முட்டை, வெண்ணெய் தடவின ரொட்டி, ஒரு வாழைப்பழம், அதுக்கு மேல ஒரு டம்ளர் பால். கட்டிலுக்கடியில தவழ்ந்துதான் ஊட்டினேன். ஆனா விடல.

மூணு மணிக்கு அவ டப்பாவைத் திறந்தா. பொட்டலம் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அவ கெஞ்சினா, கொஞ்சினா, ஸ்பூனை விமானமாக்கி ஓட்டினா. ம்ஹூம். நோட்டுக்காரம்மா எழுதினாங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்வானேன், ரொம்பவே சந்தோஷமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் எல்லாப் புதன்கிழமையும் அதேதான். அவ வாராவாரம் வேற வேற செஞ்சு கொண்டாருவா. ஒரு வாரம் கேரட்டைப் பூ மாதிரி வெட்டியிருந்தா. எத்தனை நேரம் உக்காந்து வெட்டினாளோ. பொட்டலம் அதைத் தூக்கி லாரியில போட்டுச்சு.

அந்த மாதிரி எட்டு வாரம். அப்புறம் ஆபீஸ்ல கூட்டம். மேஜையைச் சுத்தி நோட்டுக்காரம்மா, அவங்க அதிகாரி, நாங்க ரெண்டு பேரு, எதிர்ல அவ. நல்லா தூங்கி எழுந்த முகம், தெளிவா இருந்தா. வேலைக்குக்கூடப் போறாளாம்.

நோட்டுக்காரம்மா படிச்சாங்க. "அம்மா நல்லா தேறிட்டாங்க. ஆனா எட்டு வாரமா குழந்தை அவங்க கையால எதுவுமே சாப்பிடல. ஒட்டுதல் வரல. இப்போ அனுப்புறது சரியில்ல. இன்னும் ஆறு மாசம் அக்கா வீட்டுலயே இருக்கட்டும்."

ஆறு மாசம்! அவ சண்டை போடுவான்னு பார்த்தேன். போடல.

"ஆறு மாசம் எதுக்கு மேடம்? என்கிட்ட வந்தா அது பட்டினி கிடக்கும். அக்காகிட்ட சாப்பிடுதுல்ல? அங்கயே வளரட்டும். எங்க கையெழுத்துப் போடணும்?"னு பேனாவை எடுத்தா.

ஆசைப்பட்டது மடியில வந்து விழுது. வாயை மூடிட்டு இருந்தா போதும். சும்மா இருடி, சும்மா இருடின்னு எனக்கு நானே சொன்னேன். அவ பேனா மூடியைத் திறக்கத் தெரியாம திருகிட்டு இருந்தா. அதை ஏன் பார்த்தேனோ.

"நான்தான் ஊட்டிட்டுக் கூட்டிட்டு வருவேன்"னேன்.

"என்னது?"ன்னாங்க நோட்டுக்காரம்மா.

"புதன்கிழமை ரெண்டு மணிக்கு. வயிறு முட்ட. இவ கையால சாப்பிடக்கூடாதுன்னுதான். பொறாமை மேடம், வேற என்ன. எழுதிக்குங்க."

யாரும் எழுதல. என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்ல. அதிகாரி, இனி எங்க வீட்டுக்குப் பிள்ளைங்கள அனுப்பலாமான்னு யோசிக்கணும்னு ஏதோ சொன்னார். என் காதுல சரியா விழல. நான் அவளைத்தான் பார்த்துட்டு இருந்தேன். திட்டட்டும், செருப்பைக் கழட்டட்டும், வாங்கிக்கலாம்னு இருந்தேன்.

அவ எழுந்து மேஜையைச் சுத்தி என்கிட்ட வந்தா. கன்னமெல்லாம் தண்ணி. என் கையைக் கெட்டியாப் பிடிச்சா.

"அப்போ எட்டு புதன்கிழமையும் பிள்ளை வயிறு நிறைஞ்சுதான் இருந்துச்சா அக்கா?"

ஆமான்னு தலையாட்டினேன்.

"அப்பாடா"ன்னா. "வெறும் வயித்தோட போகுதேன்னு புதன்கிழமை ராத்திரி நான் சாப்பிட்டதே இல்ல."

அப்புறம் பிள்ளை அவளோட கிளம்பினப்போ கூட எனக்கு அவ மேல அவ்வளவு பொறாமை வரல. அன்னிக்கு அந்த மேஜைக்கிட்டதான் பொறாமை வந்துச்சு. இப்படி ஒரு கேள்வி, செத்தாலும் என் வாயில வந்திருக்காது.