சுல்தான் குடித்த சூப்

தலைமைச் சமையல்காரர் துர்சுன் உஸ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாகச் சுல்தானுக்குச் சமைக்கிறார். பூண்டும் காடியும் விட்டுத் தன் ஊர்ப் பக்குவத்தில் ஆட்டுக்குடல் சூப் ஒரு கிண்ணம் தினமும் அனுப்புவார்; அது தொடாமலே திரும்பும். மனிதர் விட்டாரா என்றால் இல்லை. என்றாவது ஒருநாள் குடிக்காமலா போவார் என்று வீம்பு. இப்போது, தூனா நதிக்கரைப் பாசறையில், நான்கு நாட்களாக அந்தக் கிண்ணம் வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பி வருகிறது. மற்ற சமையல்காரர்களிடம் மார்தட்டிக்கொண்டார்.

ஐந்தாம் நாள்தான் மனசு குறுகுறுத்தது. கால்வீக்கம் என்று படுத்திருக்கும் மனுஷனுக்கு இவ்வளவு பசியா? சுல்தானின் கூடாரத்துக்குள் போய்வருகிறவர்கள் அமைச்சரும் வைத்தியரும் மட்டும். பிறகு, தட்டு எடுத்துச் செல்லும் பெர்வானே. அவனுடைய இடைக்கச்சை இரண்டு விரற்கடை தளர்ந்திருந்தது. கிட்டே வந்தபோது மூச்சில் பூண்டு வாடை.

உஸ்தாவுக்குப் புரிந்துவிட்டது: கூடாரத்துக்குள் சுல்தான் உயிரோடு இல்லை. சுல்தானுடைய உஸ்மான் வம்சம் கூடாரத்தில் பிறந்தது. ஆடு மேய்த்த கூட்டத்துத் தலைவனின் வழிவந்தவர்கள் இன்று மூன்று கடல்களை ஆள்கிறார்கள். ஆனால் மூத்தவனுக்கே பட்டம் என்ற வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. தகப்பன் கண்மூடினால், தலைநகருக்கு முந்தி வரும் மகனுக்கு அரியணை. பிந்தியவனுக்குக் கழுத்தில் வில்நாண். அமைச்சர் எந்த மகனுக்கோ ஆள் அனுப்பியிருப்பார். அந்த மகன் தலைநகரை அடையும்வரை செத்தவர் சாப்பிட்டாக வேண்டும். விஷயம் கசிந்தால் படைவீரர்கள் பாசறையையே சூறையாடுவார்கள். முதலில் உருள்வது பெர்வானேயின் தலை, அடுத்தது தன் தலை.

அவனை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"எல்லாத்தையும் நீதான் திங்கிறியா?"

பெர்வானே வெளிறிப்போனான். தட்டு நிறைந்து வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று அமைச்சர்தான் சொன்னார் என முனகினான்.

"மத்ததைத் தின்னு. சூப்பைத் தொடாதே. இருபது வருஷத்துல அவரு ஒரு மடக்கு குடிச்சதில்லடா. எனக்கே தெரிஞ்சுபோச்சு, மத்தவனுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்?" அவன் கையை விட்டுவிட்டு, "நாலு நாளா நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா," என்றார்.

மறுநாள் கிண்ணம் நிறைந்தபடியே திரும்பியது. அடுப்படியில் எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னைக்குத் தொடலையா? இவருக்கு நாக்குல ருசியே கிடையாது," என்று உஸ்தா பழையபடி உரக்கத் திட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சுல்தான் பழைய நிலைக்கு வந்துவிட்டார், உடம்பு தேறிவிட்டது என்றான் ஒருவன். உஸ்தா கிண்ணத்தை எடுத்து, நின்றபடியே, கடைசிச் சொட்டு வரை தானே குடித்தார்.