லிப்ற்றுக்கு ஒரு நிமிட அகவணக்கம்

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில் இரண்டு லிப்ற் இருக்கின்றன. ஒன்று கோடையிலேயே செத்துவிட்டது. மற்றது நினைத்தால் வரும், நினைத்தால் நடுவழியில் நின்று யோசிக்கும். என் கணவர் கிளிபோட்டுக்குத் திங்கள், புதன், வெள்ளியில் சிறுநீரக டயலிசிஸ். நாங்கள் இருப்பது பதினாறாம் மாடி. போன மாதம் ஒருநாள் லிப்ற் வரவில்லை, டயலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் கால் வீங்கி, சப்பாத்துக்குள் போகவில்லை. இன்னொரு தடவை தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

கடைசியில் கட்டட மனேஜர் இறங்கி வந்தார். திருத்துகிறவர்கள் வியாழக்கிழமை வருவார்கள், நான்கு நாள் இரண்டு லிப்ற்றையும் நிறுத்த வேண்டும், அதற்குக் குடியிருப்பாளர் சங்கம் கூடிச் சம்மதம் தர வேண்டும். தராவிட்டால் அவர்கள் வேறு கட்டடத்துக்குப் போய்விடுவார்கள், பிறகு தை மாதம்தான். தை மாதம்வரை கிளிபோட் தாங்கமாட்டார். சம்மதம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கட்டடத்தில் அப்போது ஒரு போர் நடந்துகொண்டிருந்தது.

ஏழாம் மாடியில் தாலியாவும் புருஷன் யோசியும். இஸ்ரேலில் ஹைஃபாவில் இருந்து வந்தவர்கள். ஒன்பதாம் மாடியில் நபீலும் அண்ணன் சமீரும். பலஸ்தீனர்கள், தாய்வழிச் சொந்தம் முழுக்க காஸாவில். இந்த வீட்டாரும் அந்த வீட்டாரும் சண்டை பிடித்து அடிபட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். லோன்றியில் கண்டால் பாதி காய்ந்த உடுப்பையும் அள்ளிக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள், அவ்வளவுதான். உண்மையான சண்டை வீட்டுக்குள்ளே நடந்தது.

தாலியா ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்கள் அரசாங்கம் தொலைய வேண்டும், உடனே தேர்தல் வேண்டும், பணயமாகப் பிடிபட்டவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்று பதாகையோடு தெருவில் போய் நிற்பாள். போர் நேரத்தில் அரசாங்கத்தை மாற்றுவதா என்று யோசி அந்தப் பதாகையை ஒளித்துவைப்பார். அவள் மேசை விரிப்பில் புதிதாக எழுதிக்கொண்டு போவாள். இப்போது அந்த வீட்டில் விரிப்பே மிச்சமில்லை. ஒன்பதாம் மாடியில் நபீல், இருபது வருடமாகத் தேர்தல் வைக்காமல் எங்கள் ஆட்கள் காஸாவிலும் மற்றப் பகுதியிலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்பான். குண்டு விழுகிற நேரத்தில் சொந்த ஆட்களைக் குறை சொல்கிறாயா என்று சமீர் கத்துவார். இருவரும் பிரிட்ஜுக்கு நடுவே ஒட்டுநாடா ஒட்டிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முட்டைப்பெட்டி எந்தப் பக்கம் என்பதில் இன்னும் முடிவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நாலு பேரும் லோன்றியில் வைத்து என்னிடம்தான் கொட்டுவார்கள். நான் ஒரு பக்கமும் இல்லாதவள் என்று நம்பினார்கள். மொத்தம் நாலு பக்கம் இருக்கிறதே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சங்கத் தலைவர் சண்முகநாதன் அண்ணை. பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். தேர்தல் வைத்த ஞாபகம் யாருக்கும் இல்லை. ஸ்காபரோத் தமிழ் மண்டபங்களில், பெண்பிள்ளைகள் பெரியவர்களாகும் சாமத்திய வீட்டில் இருந்து புத்தக வெளியீடு வரை அறிவிப்பாளராக நிற்கிறவர். நல்ல கணீர்க் குரல்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கீழ்த்தள அறையில் கூட்டம். அறை நிறைந்த சனம். மனேஜர் கதவடியில் இருந்தார். அண்ணை வரவேற்று முடிக்கவில்லை, தாலியா எழுந்தாள். லிப்ற்றை இந்த நிலைக்குக் கொண்டுவந்த கொமிற்றிக்கு எங்கள் சார்பில் சம்மதம் கொடுக்க என்ன உரிமை, முதலில் தேர்தல் என்றாள். பின்வரிசையில் ஒருவர் பலமாகக் கைதட்டினார். நபீல். தாலியா திரும்பிப் பார்த்தாள். அவன் கையைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டான்.

சமீர் எழுந்தார். லிப்ற் பழுதாகி சனம் தவிக்கிற நேரம், தலைமையை மாற்றுகிற நேரமில்லை, முதலில் லிப்ற், பிறகு தேர்தல் என்றார். "சரியாகச் சொன்னார்" என்றார் யோசி. சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னார் என்று அவருக்கு விளங்கியது. மனுஷன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அண்ணை வாக்கெடுப்பு வைத்தார். முதலில் தேர்தல் வேண்டும் என்பவர்கள்? தாலியாவின் கை உயர்ந்தது, நபீலின் கையும் உயர்ந்தது. ஒருவரையொருவர் கண்டார்கள், இரண்டும் இறங்கின. அவர்களைப் பார்த்துத் தூக்கியவர்களும் இறக்கினார்கள். தேர்தல் பிறகு என்பவர்கள்? யோசியும் சமீரும் தூக்கினார்கள், கண்டார்கள், இறக்கினார்கள். ஒரு பக்கமும் ஒரு கையும் இல்லை. அண்ணை அதைச் சமநிலை என்று அறிவித்தார்.

பிறகு ஒரே சத்தம். நான் சொன்னதை அவன் எப்படிச் சொல்லலாம் என்று தாலியா. அவளுடைய தேர்தல் வேறு, என்னுடைய தேர்தல் வேறு என்று நபீல். மனேஜர் புறப்பட எழுந்து கோட்டுக்குள் ஒரு கையை விட்டார்.

இந்தக் கதை எங்களுக்குத் தெரியாததா? எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில் என் தமையன் பஸ்ரியன், எங்கள் ஆட்கள் செய்வதும் சரியில்லை என்று வீட்டுக்குள் ஒருநாள் சொன்னான். இது அதைக் கதைக்கிற நேரமில்லை என்று பெற்ற ஐயாவே அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். கதைக்கிற நேரம் வந்தபோது பஸ்ரியன் உயிரோடு இல்லை. இப்போது பதினாறாம் மாடியில் கிளிபோட் காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், இவர்கள் கதைக்கிற நேரம் எதுவென்று சண்டை பிடிக்கிறார்கள்.

சண்முகநாதன் அண்ணைக்கு வியர்த்தது. குழப்பம் வந்தால் மனுஷனுக்குப் பழக்கம்தான் கை கொடுக்கும். நெஞ்சை நிமிர்த்தி, அதே மண்டபக் குரலில், உயிர்நீத்த அனைவருக்குமாக ஒரு நிமிட மௌன அகவணக்கம், எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்று இங்கிலீஷில் அறிவித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

எல்லோரும் எழுந்தார்கள். மனேஜரும் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியேயுமாக நின்றார். அறை அமைதியானது.

ஒரு நிமிடம் போனது. அண்ணை கண் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனது. யாரும் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. எப்படி இருப்பது? முதலில் இருக்கிறவர், மற்றவரின் செத்தவர்களுக்கு இவ்வளவு போதும் என்று சொன்னதாக ஆகிவிடும். தாலியா சமீரைப் பார்த்தபடி நின்றாள். நபீல் யோசியைப் பார்த்தபடி நின்றான். மனேஜர் கதவுப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார். நாலு பேரும் ஒன்றாக முறைத்தார்கள். கால் திரும்பி வந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஸ்காபரோ மண்டபங்களில் அகவணக்கத்தை முடித்துவைப்பது அண்ணை அல்ல, சவுண்ட்காரப் பெடியன் றூபன். நேரம் ஆனதும் மெல்லிய குழலிசையைப் போடுவான், அண்ணை கண்ணைத் திறப்பார். இங்கே றூபனும் இல்லை, குழலும் இல்லை. மூலையில் கோப்பி மெசின் ஒருமுறை கொறகொறத்தது. அண்ணையின் இமை அசைந்தது. அது குழல் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி இறுக மூடிக்கொண்டார்.

நான் அறையைப் பார்த்தேன். அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். இதைவிட நல்ல நேரம் எனக்கு வராது.

"வியாழன் லிப்ற்றைத் திருத்தச் சம்மதிக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னேன். "எதிர்க்கிறவர்கள் கதிரையில் இருக்கலாம்."

யோசியின் முழங்கால் கொஞ்சம் மடங்கியது. சமீர் பார்ப்பதைக் கண்டதும் நிமிர்ந்தது. மனேஜர் உதட்டை அசைத்து எண்ணினார். ஒருவர் குறையாமல் சம்மதம். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

சரி, இருங்கள் என்றேன். ஒருவரும் இருக்கவில்லை. தொடங்கியவர் முடிக்கவில்லையே. நான் போய் அண்ணையின் கையைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார், இரண்டும் நனைந்திருந்தன.

"றூபன் இன்னும் பாட்டுப் போடேல்லைப் பிள்ளை" என்றார்.

"றூபன் வரேல்லை அண்ணை. முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ? ஆர் சொன்னது?"

வந்த காரியம் வென்று கையில் இருக்கிறது, நான் நின்று அழுகிறேன். பஸ்ரியனுக்கு அப்படி ஒரு நிமிடம் யாரும் எழுந்து நின்றதில்லை.

கதிரைகள் எல்லாம் ஒன்றாகச் சத்தம் போட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். தாலியாவும் நபீலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: யாருக்காக நின்றோம்? அண்ணை மூக்கைத் துடைத்தபடி என்னிடம் தமிழில் சொன்னார்: "இத்தனை மண்டபத்திலையும் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லைப் பிள்ளை."

வெள்ளிக்கிழமை காலை லிப்ற் இரண்டும் நின்றிருந்தன. எங்கள் கதவைத் தட்டினார்கள். யோசியும் சமீரும். ஒருவரைத் தாலியா அனுப்பியிருந்தாள், மற்றவரை நபீல். ஆபத்து நேரத்தில் ஒற்றுமை என்றீர்களே, போய்த் தூக்குங்கள் என்று துரத்தியிருக்கிறார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்து, கிளிபோட்டை வீல்செயாரோடு படியில் இறக்கினார்கள். நான் அவருடைய சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஒவ்வொரு மாடித் தட்டிலும் கதிரையை வைத்து இளைப்பாறியிருக்கலாம். ஆனால் முதலில் இறக்குவோம் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. எட்டாம் மாடித் தட்டில் அதற்கு மேல் ஓர் அடியும் வைக்க முடியாமல் நின்றுவிட்டார்கள். முகம் சிவந்து வியர்வை ஓடுகிறது, கண்ணுக்குக் கண் பார்த்தபடி இருவரும் அசையவில்லை. கிளிபோட் அந்தரத்தில் தொங்கினார். கூட்டத்தில் நடந்ததை அவருக்கு வரி விடாமல் சொல்லியிருந்தேன்.

"செலீன்," என்றார், "பாட்டைப் போடும்."

வாயில் வந்தது மாதா கோயில் பாட்டு. முதல் வரியைப் பாடினேன். கதிரை மெதுவாகத் தரையைத் தொட்டது.