நெடியில்லாத நீலம்

அக்கா சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தம்பியின் செத்துப்போன மனைவியின் விரல்களில் இருந்த நீலம் துளிகூட வெளுக்கவில்லை. புருஷன்காரர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது போகாதுங்க," என்றபடி உள்ளே வந்தாள் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. ஆய்வகத்தில் மனைவிக்குக் கீழே வேலை பார்த்தவள். "அந்தச் சாயம் புரதத்தப் பிடிச்சா விடாது. தோலும் புரதம்தானே. கையுறை போடுங்க மேடம்னு சொன்னா கேட்டாத்தானே."

என் பெண்டாட்டி விரலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாளா? அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெல் என்கிற கொழகொழப்பான மெல்லிய தகட்டில் ஓடவிட்ட புரதம் கண்ணுக்குத் தெரியாது என்பாள் மனைவி. சாயம் ஏற்றினால்தான் கோடு கோடாகத் தெரியுமாம். அதற்கு மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்து ஒரு கரைசல். சாயங்காலம் மனைவிக்கு முன்னால் அந்தப் புளித்த நெடிதான் வீட்டுக்குள் நுழையும். அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். வேறு வழி பாரேன் என்று எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பார்! அதில்லாமல் ஆகாது என்பாள். பிறகு ஒருநாள் நெடி நின்றுபோனது. எனக்காக மாற்றிவிட்டாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அவளும் மறுக்கவில்லை.

அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். மேடம் கடைசியாகப் போட்டதாம், தூக்கிப்போட மனசு வரவில்லையாம். நீலத் தண்ணீரில் ஒரு ஜெல் மிதந்தது.

"தொட்டாலும் பயமில்ல சார். இவன் வயித்துல இருந்தப்ப பழைய நெடிக்கு நான் வாந்தியா எடுத்தேன். மேடம் அதையெல்லாம் ஒழிச்சுக்கட்டிட்டு, மாசம் திரும்பறதுக்குள்ள தண்ணியிலயே சாயம் ஏற வச்சுட்டாங்க."

மாசம் திரும்புவதற்குள். அவர் குழந்தையைப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது. பச்சைப்பிள்ளை மேல் போய் வயிறெரிகிறதே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் எரிந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு நெடியும் இல்லை. விரல்களை உள்ளே விட்டு, கூடத்தில் அக்கா கூப்பிடும்வரை அப்படியே நின்றார்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் செத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா."

அவள் எழுந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து மனைவியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உன் கைக்கு என்னடா ஆச்சு?" அக்கா சோப்பை நீட்டினாள்.

"வேணாம்க்கா. அது போகாதாம்."

அவளுடைய நீலம் நகக்கண்வரை இறங்கியிருந்தது. அவருடையது இன்னும் ஈரமாக இருந்தது.